வேலையை விடாமல் மாற முடியாதா?

"இந்த வேலைய விட்டுரு. எல்லாம் முடிஞ்சதும் வேற கம்பெனியில புதுப் பேர்ல சேந்துக்கலாம்." நான் திருநம்பி என்று அலுவலகத்தில் சொன்னபோது கிடைத்த முதல் அறிவுரை இது. சொன்னவர்கள் என் நல்லதை நினைப்பவர்கள்தான். ஆனாலும் இதைவிடத் தவறான அறிவுரை இருக்க முடியாது.

கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சேரும்போது பதிவேட்டில் இருந்தது பெண் பெயர். வேலையை விட்டுப் போனால், கையில் இருக்கும் அனுபவச் சான்றிதழும் அந்தப் பெயரில்தான் இருக்கும். நேர்முகத்தில் அதை நீட்டினால் "இது யாருடையது?" என்பார்கள். நீட்டாவிட்டால் புதிதாக வேலைக்கு வருபவனின் சம்பளம்தான். வைப்புநிதிக் கணக்கு ஒரு பெயரிலும் ஆதார் இன்னொரு பெயரிலும் நிற்கும். சேர்த்து வைத்த பணிமூப்பு மொத்தமும் போய்விடும்.

அதுவும் "எல்லாம் முடிஞ்சதும்" என்றால் எப்போது? டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடத் தொடங்கினால் சில மாதங்களில் குரல் உடைகிறது. தாடி முழுதாக வளர ஆண்டுகள் ஆகலாம். அறுவைச் சிகிச்சையே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள், வசதியில்லாமல் தள்ளிப்போடுபவர்களும் இருக்கிறார்கள். பாலின அடையாளத்தை ஏற்க அறுவைச் சிகிச்சையைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்றே சொல்லிவிட்டது. அலுவலகங்களோ ஒரு தேதியை எதிர்பார்க்கின்றன. உடம்பு அப்படித் தேதி குறித்து மாறுவதில்லை. மாறிக்கொண்டிருக்கும் அந்தக் காலம் முழுவதும் நாங்கள் வேலை பார்த்தாக வேண்டும்.

எங்கள் ஆலையில் சாயங்காலம் வாசலில் சோதனை உண்டு. ஆண்கள் வெளியே வரிசையில் நிற்பார்கள். பெண்களைத் திரைக்குப் பின்னால் பெண் காவலர் சோதிப்பார். குரல் உடைந்து, முகத்தில் முடி அரும்பிய பிறகு நான் அந்தத் திரைக்குள் போனால் அங்கே இருக்கும் பெண்கள் கூசி ஒதுங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆண்கள் வரிசையில் நின்றால், காவலர் என்னைத் தொடலாமா என்று தெரியாமல் மேலாளருக்கு போன் போட்டார். பின்னால் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில், எல்லாரும் கிளம்பிப் போகட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். கழிப்பறைக்கும் அதே கதை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், சிறுநீர்த் தொற்று வந்தது. எனக்குத் தெரிந்த மற்ற திருநம்பிகளும் இதையேதான் சொல்கிறார்கள்.

கேன்டீன் அக்கா மட்டும் டீயை நீட்டிக்கொண்டே நேராகக் கேட்டார்: "ஏங்கண்ணு, இனிமே உன்னைய எப்படிக் கூப்பிடட்டும்?" மனிதவளப் பிரிவில் இருந்த யாரும் கேட்காத கேள்வி அது.

திருநர்களின் வேலை என்றாலே நாம் உள்ளே நுழைவதைப் பற்றித்தான் பேசுகிறோம். திருநங்கை பிரித்திகா யாஷினிக்காக 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் கதவைத் திறந்தது, அவர் காவல் உதவி ஆய்வாளர் ஆனார். பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் மாறும்போது என்ன நடக்கிறது? கடற்படையில் மாலுமியாக இருந்த சபி கிரி, பாலின மாற்றச் சிகிச்சைக்குப் பின் 2017-ல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய திறமையில் யாரும் குறை கண்டதாகத் தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019, வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது. 2020-ல் வந்த விதிகள், சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை நிறுவனமே எழுதி வெளியிட வேண்டும் என்கின்றன. எல்லாப் பாலினத்தவருக்கும் பொதுவான கழிப்பறை, பாதுகாப்பு, ஊழியரின் அடையாளத்தை ரகசியமாகக் காப்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதை நான் எடுத்துக்காட்டியபோது எங்கள் நிர்வாகத்துக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியவில்லை. அந்த விதியைத் தேடிப் படித்து, அச்செடுத்து, மேலதிகாரிக்கு விளக்க வேண்டிய வேலையும் மாறிக்கொண்டிருப்பவன் தலையிலேயே விழுந்தது. இதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

வைப்புநிதி, வங்கிக் கணக்கு போன்றவற்றில் பெயர் மாற ஆவணம் வேண்டும், காலமும் பிடிக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடையாள அட்டை, மின்னஞ்சல், காலையில் விரல் வைத்ததும் வருகைப் பதிவு இயந்திரத்தில் மின்னும் பெயர் ஆகியவற்றை மாற்ற எந்த அரசாணையும் தேவையில்லை. நிர்வாகம் மனது வைத்தால் ஒரே மதியத்தில் முடியும். எந்த வரிசை, எந்தக் கழிப்பறை, சிகிச்சைக்கு எந்த விடுப்பு என்பதை ஒருவர் வந்து கேட்பதற்கு முன்பே எழுதி வைக்கவும் முடியும்.

தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது கூலிப் பதிவேட்டைக் கேட்கிறார்கள். இனி சமவாய்ப்புக் கொள்கை அறிக்கையையும் கேட்கட்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் பதில் வாங்கட்டும்.