சமரசத்துக்கு ஒரு ஆப்: மாணவர்களிடம் மத்திய அரசு கேட்டது என்ன? தென்காசிக்கு அது உதவுமா?

குற்றாலம் சீசன். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் ஆன்லைனில் அட்வான்ஸ் கட்டி ரூம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. பயணத்தை ரத்து செய்தால், பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்கிறது லாட்ஜ். மூவாயிரம் ரூபாய்க்காக தென்காசி கோர்ட்டுக்கு யார் அலைவது? திட்டிவிட்டு விட்டுவிடுவோம்.

உண்மையில் அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆன்லைனிலும் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பும்.

மாணவர்கள் எங்கே வருகிறார்கள்?

மத்திய அமைச்சகங்கள் தங்கள் சிக்கல்களைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துத் தீர்வு கேட்கும் போட்டி, ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். 2017-ல் தொடங்கியது. ஆறு பேர் குழு, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்றில் 36 மணி நேரம் விடாமல் கோடிங்.

2023 போட்டியில் சட்ட அமைச்சகம் கொடுத்த சிக்கல்களில் ஒன்று இது: வழக்கறிஞர், நடுவர், சமரசர், நோட்டரி, பத்திர எழுத்தர் ஆகியோரை ஒரே இணையச் சந்தைக்குள் கொண்டுவர வேண்டும், அவர்கள் விரும்பிச் சேரும்படி என்ன ஊக்கம் தரலாம்?

நல்ல கேள்விதான். ஆனால் பாதிக் கேள்வி. சேவை தருபவரை எப்படி இழுப்பது என்று கேட்கிறது. தகராறில் இருக்கும் எதிர்த்தரப்பை எப்படிப் பேச உட்கார வைப்பது என்று கேட்கவில்லை. தென்காசியில் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் இருக்கும் பத்திர எழுத்தருக்கு ஆள் தேடித்தான் வருகிறது. அவருக்கு ஆப் எதற்கு? லாட்ஜ்காரர் 'பேசலாம்' என்று சம்மதிப்பதுதான் கஷ்டம். நடுவர் விசாரித்துத் தீர்ப்பு சொல்வார். சமரசர் தீர்ப்பு சொல்வதில்லை, பேச வைப்பார். அதனால் எதிர்த்தரப்பு நோட்டிஸைத் திறந்து பார்க்காவிட்டால் எவ்வளவு அழகான ஆப்பும் அங்கேயே நின்றுவிடும்.

எந்தத் தகராறுக்குப் பொருந்தும்?

ரூம் அட்வான்ஸ், ஆன்லைனில் வாங்கிய பொருள், இன்சூரன்ஸ் தொகை போன்றவற்றில் ஆதாரமெல்லாம் ஏற்கெனவே போனிலேயே இருக்கும். பங்குச்சந்தைப் புகார்களுக்கு செபி 2023-லேயே இப்படி ஒரு தளத்தைத் தொடங்கிவிட்டது. வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வேறு கதை. யாராவது போய் நிலத்தைப் பார்க்கணும், வயதானவர் சொல்வதைத் தமிழில் பொறுமையாகக் கேட்கணும். ஆங்கிலப் படிவத்தோடு வரும் டெமோ இங்கே முதல் திரையிலேயே தோற்றுவிடும்.

ஆப்பில் எழுதியது கோர்ட்டில் செல்லுமா?

ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். லோக் அதாலத்தில் முடிந்த வழக்கு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு இல்லை, ஏற்கெனவே கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆப்பில் இருவரும் 'ஓகே' அழுத்தியதற்குத் தானாக அந்தப் பலம் வந்துவிடாது.

அதைத் தருவதற்காக வந்ததுதான் 2023 சமரசச் சட்டம். 27-வது பிரிவு சமரச ஒப்பந்தத்தைத் தீர்ப்பு போல அமல்படுத்தச் சொல்கிறது. 30-வது பிரிவு ஆன்லைன் சமரசத்தை ஏற்கிறது. ஆனால் 2023 அக்டோபர் 9-ல் அமலுக்கு வந்த பிரிவுகளின் பட்டியலில் இந்த இரண்டுமே இல்லை. நீதிமன்றத்தோடு இணைந்த நாட்டின் முதல் சமரச மையம் 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியபோது, இப்படித் தனிச் சட்டமே கிடையாது என்பதையும் சொல்லணும்.

ஊர்த் தகராறுகளுக்கு இதே சட்டத்தில் சமுதாய சமரசம் என்று ஒரு வழி உண்டு. மூன்று சமரசர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே எட்டப்படும் ஒப்பந்தத்தை மட்டும் நீதிமன்றத் தீர்ப்பு போல அமல்படுத்த முடியாது என்று சட்டமே சொல்லிவிட்டது.