குழந்தைகளுக்கு மருந்தளித்தல்

பிணியுற்ற பெரியவர் ஒருவர் வைத்தியசாலையிற் படுத்திருப்பாராயின், அவருக்கு மருந்து கொடுக்க வருகின்ற செவிலிக்கு அவரே ஒரு துணையாவார். பெயர் கேட்டாற் சொல்லுவார். நேற்று வெண்ணிறமாயிருந்த மாத்திரை இன்று சிவந்திருப்பதேன் என்று வினவுவார். விழுங்கியபின் நெஞ்சு படபடத்தால் உடனே கூப்பிடுவார். ஆறு மாதக் குழந்தையோ இவற்றுள் ஒன்றும் செய்யமாட்டாது. அழுவது ஒன்றே அதற்குத் தெரியும். அவ்வழுகை பசியினால் வந்ததோ, நோவினால் வந்ததோ, மருந்தின் கேட்டினால் வந்ததோ என்று பிரித்தறிதல் அரிது. ஆகவே குழந்தைக்கு மருந்தளித்தல் தனியே கற்று, தனியே காக்கவேண்டிய ஒரு கடமையாகும். இக்கடமை செவிலியர்க்கு மட்டுமே உரியதென்று நாம் எண்ணியிருக்குமளவும் அது செவ்வையாய் நடைபெறாது என்பது நமது துணிபு. அதனை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நமது பகுதியாருக்கு இப்பொருளில் ஒரு தனி உரிமையுண்டு. 1890 ஆம் ஆண்டளவில், திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்த ஐடா ஸ்கடர் அம்மையார், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் உதவியின்றி மாண்டதைக் கண்டு, வைத்தியம் கற்கத் துணிந்த வரலாறு பலரும் அறிந்ததே. 1899 இல் பட்டம் பெற்று, 1900 இல் வேலூரில் தொண்டு தொடங்கி, 1918 இல் பெண்களுக்கென வைத்தியப் பள்ளி ஒன்றைத் திறந்தார். ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டு முன்னரே, 1909 இல், அங்கே செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டுவிட்டது என்பதை நாம் அதிகமாய் நினைப்பதில்லை. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என வைத்தியத்தை நான்கு உறுப்புக்களாக வகுத்தார். நான்கில் ஒன்றாகிய செவிலியை நாம் இன்னும் ஏவலாளராகவே எண்ணிவருகின்றோம். குழந்தைகளுக்கு நேரும் கேடுகளிற் பல இவ்வெண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

கேடு விளையும் வழியைச் சற்று ஆராய்வோம். பெரியோர்க்குப் பெரும்பாலும் ஒரு மாத்திரை என்ற வழக்கமான அளவு உண்டு. குழந்தைக்கோ எடையைக்கொண்டு ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்று கொண்டால், 8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 120 மில்லிகிராம் ஆகும். இம்மருந்தே கடையிற் பல உருவங்களில் விற்கப்படுகின்றது. சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் அடங்கியிருக்கும். ஒருவகைச் சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராமும், மற்றொருவகையில் 5 மில்லியில் 250 மில்லிகிராமும் இருக்கும். “ஒரு தேக்கரண்டி கொடு” என்ற சொல்லை மட்டும் நம்பி, சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து 5 மில்லி ஊற்றினால், குழந்தையின் வயிற்றிற் செல்வது 500 மில்லிகிராம். அதாவது, வேண்டிய அளவில் நான்கு மடங்குக்கு மேல். மருந்தின் பெயரிற் பிழையில்லை; கொடுத்தவரின் அன்பிற் குறைவில்லை; ஆயினும் ஈரல் கெடுவதற்கு வழி பிறந்துவிட்டது.

இது கற்பனையான அச்சமன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் 2001 இல் வெளியிட்ட அறிக்கையில், குழந்தைகளுக்கெழுதிய 10,778 மருந்துக் கட்டளைகளை ஆராய்ந்து 616 பிழைகளைக் கண்டனர். தீங்கு விளைக்கக்கூடிய பிழைகள் பெரியோரினும் குழந்தைகளிடத்தில் மும்மடங்கு மிகுதி என்பதும் அவர்கள் கண்ட முடிவு. செல்வமும் கருவிகளும் நிறைந்த வைத்தியசாலைகளில் நிலைமை இதுவாயின், கூட்டம் மிகுந்த நம் வைத்தியசாலைகளில் எவ்வளவு விழிப்பு வேண்டுமென்று சொல்லவும் வேண்டுமோ?

விழிப்புக்கு வேண்டிய சாதனங்கள் பெரும் பொருட்செலவு உடையனவல்ல. குழந்தை வந்த அன்றே அதன் எடையைக் கிலோவில் நிறுத்து, மருந்துச் சீட்டின் தலைப்பில் எழுதுதல் முதற் காரியம். எடை எழுதாத சீட்டு முற்றுப்பெறாத சீட்டே. அரை மில்லியை 0.5 என்று எழுதவேண்டும்; முன்னுள்ள பூச்சியத்தை விட்டுவிட்டால் புள்ளி மறைந்து 5 ஆகத் தோன்றும். 5 என்பதை 5.0 என்று எழுதுவதும் ஆகாது. அது 50 ஆகத் தோன்றக்கூடும். இன்சுலின், ஹெப்பாரின், மார்பின், டிகாக்ஸின், பொட்டாசியம் குளோரைடு போன்றவற்றை இரு செவிலியர் தனித்தனியே கணக்கிட்டு, விடை ஒத்தபின்னரே செலுத்தவேண்டும். வாய்வழி மருந்துக்கு ஊசிபொருந்தாத தனிச் சிரிஞ்சையே கொள்ளுதல் வேண்டும். அப்போது வாய்க்குரிய மருந்து இரத்தக்குழாயிற் புகுவதற்கு இடமேயில்லை. மருந்து புகட்டும்போது குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, கன்னத்தின் உட்புறத்தில் சிறிது சிறிதாய் விடவேண்டும்; மூக்கைப் பிடித்து ஊற்றினால் மருந்து மூச்சுக்குழலிற் செல்லும். பெயரும், மருந்தும், அளவும், வழியும், நேரமும் பார்த்துக் கொடுத்தபின் உடனே குறித்துவைக்கவேண்டும்.

இவையெல்லாம் செவிலியர் பாடநூலில் உள்ளனவே; பின் ஏன் பிழை நிகழ்கின்றது என்று கேட்கலாம். இங்கேதான் நம் முக்கியமான கருத்தைச் சொல்ல வருகின்றோம். செவிலி தன் மனத்தில் ஐயம் எழுந்தவிடத்து டாக்டரைக் கேள்வி கேட்க அஞ்சுகின்றாள். கேட்டால் அதிகப்பிரசங்கி என்ற பெயர் கிடைக்கும்; பிழையை வெளியிட்டால் தண்டனை கிடைக்கும். ஆகவே சிறு பிழைகள் மறைக்கப்படுகின்றன. மறைந்த சிறு பிழையே பின்னாளில் ஓர் உயிரைக் கொண்டுபோகின்றது. கேள்விக்கு இடங்கொடுத்தால் ஒழுங்கு குலையும் என்று சில பெரியோர் கூறுவர். அவர்கள் சொல்வதில் சிறிது உண்மையுண்டு. அவசரமான வேளையில் தர்க்கத்துக்கு நேரமில்லை. ஆனால் “இக்குழந்தையின் எடை 8 கிலோ; எழுதிய அளவு 80 கிலோவுக்குரியது போலத் தோன்றுகிறது; மறுபடியும் பார்ப்பீர்களா?” என்று கேட்பதற்கு அரை நிமிஷம் போதும். அவ்வினாவைக் கேட்கும் செவிலி ஒழுங்கைக் குலைப்பவளல்லள், காப்பவள். மருந்து அளக்கும் நேரத்தில் அவளை வேறு வேலைக்கு அழையாதிருத்தலும், ஒருத்தியின் தலையில் அளவுமீறிய குழந்தைகளைச் சுமத்தாதிருத்தலும் வைத்தியசாலைத் தலைவர்களின் கடமை.

வைத்தியசாலைக்கு வெளியிலிருந்தும் அபாயம் வரும். 2025 இல் மத்தியப்பிரதேசத்துச் சிந்துவாராப் பகுதியில் இருமலுக்குச் சிரப் அருந்திய குழந்தைகள் இருபதுக்கு மேற்பட்டோர் சிறுநீரகங் கெட்டு மாண்டனர். அந்தக் ‘கோல்ட்ரிப்’ சிரப் நமக்கு அதிக தூரமில்லாத காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்திலே செய்யப்பட்டது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு நூற்றுக்கு 48.6 பங்கு இருந்ததென்று தமிழ்நாட்டு அரசின் பரிசோதனையில் வெளிப்பட்டு, அத்தொழிற்சாலையின் உரிமமும் அக்டோபர் மாதத்தில் இரத்துச்செய்யப்பட்டது. இந்நஞ்சு புதியதன்று. 1937 இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்று, 1938 இல் புதியதோர் மருந்துச் சட்டம் பிறக்கக் காரணமாயிருந்ததும் இதுவே. 1972 இல் சென்னையிற் குழந்தைகளைக் கொன்றதும் இதுவே. புட்டியிலுள்ள நஞ்சைச் செவிலி கண்ணாற் காணமுடியாது. ஆனால் தொகுதி எண்ணைக் குறித்துவைத்தால் நஞ்சு வந்த வழியைக் கண்டுபிடிக்கலாம். குழந்தையின் சிறுநீர் குறைவதைக் கவனித்து உடனே அறிவித்தால் சில உயிர்களையேனும் காக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதலாகாதென்று மத்திய அரசின் சுகாதாரத் துறை அவ்வாண்டு அறிவித்தது. தேவையில்லாத மருந்தைக் கொடாதிருத்தலும் மருந்தளிக்கும் கலையில் ஒரு பகுதியே.

இனி, நம் மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நம்மிற் பலர் விக்கிரவாண்டி, மயிலம், மரக்காணம் முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருகின்றோம். முண்டியம்பாக்கத்தில் 2010 இல் தொடங்கிய அரசு வைத்தியக் கல்லூரி வைத்தியசாலையிலிருந்தோ, திண்டிவனம் அரசு வைத்தியசாலையிலிருந்தோ மருந்துப் புட்டியுடன் திரும்பும் தாய்க்கு, வீட்டில் செவிலி யாரும் இல்லை, அவளே செவிலி. படித்த அண்ணனோ அக்காளோ அருகிருந்து புட்டியின் எழுத்தை வாசித்துச் சொன்னால் அதுவே பேருதவி. சமையற் கரண்டியை விடுத்து, புட்டியுடன் வந்த அளவுக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக் கொடுங்கள். உலர்தூளாக வரும் மருந்தில், கொதித்தாறிய நீரைக் கோடுவரையில் ஊற்றிக் குலுக்கக் காட்டுங்கள். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் நீர் என்பதையும், வயிற்றுப்போக்கு நின்றபின்னும் துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுக்கவேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மருந்தை மிட்டாய் என்று ஏமாற்றிக் கொடாதீர்கள். மிட்டாயென்று கற்ற குழந்தை, யாருமில்லாத வேளையில் புட்டியை முழுதும் குடித்துவிடும்.

டாக்டரும், செவிலியும், மருந்து செய்வோரும், தாயும், படித்த இளைஞரும் ஒருவர் கையை ஒருவர் சரிபார்க்கக் கூச்சப்படாத ஒரு வழக்கம் நம் நாட்டில் ஏற்படுமாயின், பேசத்தெரியாத குழந்தைக்காகப் பேச ஐந்து பேர் இருப்பர். அவ்வழக்கத்தை நம் வீடுகளிலேயே முதலிற் தொடங்குவோமாக.