வலிக்காத புண்

என் வலது காலில் இப்போது நான்கு விரல்கள்தான். பொங்கல் விழாவில் என்னைக் கைத்தடியுடன் பார்த்த அன்பர்கள், "சர்க்கரை ஜாஸ்தியோ?" என்று விசாரித்தார்கள். சர்க்கரை பாதிக் காரணம். மீதி என் அசட்டுத்தனம்.

போன மே மாதம், தில்லி வெயிலில், கோயில் பிராகாரத்தை வெறுங்காலுடன் மூன்று சுற்று வந்தேன். மற்றவர்கள் கோணிச் சாக்கு விரித்த இடமாகப் பார்த்து ஓடினார்கள். எனக்குச் சுடவே இல்லை. பக்தியின் பலன் என்று உள்ளூரப் பெருமை வேறு! 18 வருஷச் சர்க்கரையில் கால் நரம்புகள் மரத்துப்போயிருந்தது பிறகுதான் தெரிந்தது.

கட்டைவிரலின் அடியில் இருந்த கொப்புளத்தை இரவில் பார்த்தவள் என் மனைவி. வலிதான் இல்லையே என்று மஞ்சள் பற்றுப் போட்டேன். பத்தே நாளில் சீழ். காலனி மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கினேன். மூன்று நாள் சாப்பிட்டதும் சீழ் குறைந்தது, நிறுத்திவிட்டேன். மறுபடி வந்தது, வேறு மாத்திரை. இப்படியே ஒன்றரை மாதம். ஊரிலென்றால் குடும்ப டாக்டர் அதட்டியிருப்பார். இங்கே ஆஸ்பத்திரி வரிசையில் நின்று ஹிந்தியில் விளக்கச் சோம்பல்.

விரல் கறுத்த பிறகு போனேன். புண்ணைச் சுத்தம் செய்து, ஆழத்திலிருந்து துளி சதை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மேலே வழிகிற சீழை மட்டும் துடைத்தெடுத்தால், சும்மா ஒட்டியிருக்கும் கிருமிகளும் சேர்ந்து வந்து குழப்புமாம். சூடோமோனாஸ் என்று முடிவு வந்தது. மேல்நாடுகளில் இத்தகைய புண்ணில் முதலில் சந்தேகப்படுவது ஸ்டெஃபிலோகாக்கஸை. நம் நாட்டில் சூடோமோனாஸ், ஈ.கோலை, கிளெப்சியெல்லா எல்லாமே தாராளம். நான் விழுங்கிய மாத்திரைகள் எதுவும் அதைத் தொடவில்லை. அதற்குள் கிருமி எலும்புக்குப் போய்விட்டது.

2014 முதல் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு நோயாளி, டாக்டர் இருவர் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? கேட்டு வாங்கியவன் நான்தானே! சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்பதுகூட எனக்குத் தெரியாது.

நம் சங்க மருத்துவ முகாமில் வருஷாவருஷம் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறோம். யாரையும் காலுறையைக் கழற்றச் சொன்னதில்லை. 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும். செலவும் அதிகமில்லை. செயற்குழு அன்பர்கள் அடுத்த முகாமிலேயே இதைச் சேர்க்கவேண்டும். நாற்காலி போட்டு உட்கார்ந்து பெயர் எழுதிக்கொள்ள நான் வருகிறேன்.