நிலையான உரிமையே முதல் மருந்து

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் காணும் மனச்சோர்வையும் பதற்றத்தையும் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ‘போரைக் கண்டவர்கள், அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். 1983 முதல் கடல் தாண்டி வந்தவர்கள் பட்டது கொஞ்சமல்ல. போரால் பாதிக்கப்பட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மதிப்பிட்டிருக்கிறது. ஆனால், தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் சுமார் 58,000 பேரில் கணிசமானோர் இங்கேயே பிறந்தவர்கள்; குண்டுச் சத்தம் கேட்டறியாதவர்கள். அவர்களையும் சோர்வு பிடித்தாட்டுகிறது என்றால், காரணத்தை இறுதிப்போர் நடந்த முள்ளிவாய்க்காலில் மட்டும் தேடினால் போதாது. நாம் கொடுத்து வைத்திருக்கும் நிச்சயமற்ற வாழ்விலும் தேட வேண்டும்.

அந்த வாழ்வு எப்படிப்பட்டது? அரசு தரும் பணக்கொடை கைக்கு வர வேண்டுமானால், வருவாய்த் துறையினர் கணக்கெடுக்கும் நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். வெளியூரில் வேலை செய்பவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். உளவு பார்க்கும் க்யூ பிரிவு போலீஸாரின் கண் எப்போதும் மேலே இருக்கும். பொறியியல் படித்து முடித்த இளைஞர், குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல், அப்பாவைப் போலவே பெயின்ட் அடிக்கப் போகிறார். அவரைப் பார்த்துத் தம்பியும் படிப்பில் பிடிப்பை இழக்கிறான். குடியுரிமைச் சட்டத்தின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிய ஆவணமின்றி வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த சலுகையோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களோடு நின்றுகொண்டது. எவ்வளவு முயன்றாலும் கதவு திறக்காது என்ற எண்ணம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் எந்த மனமும் தளரும்.

இது வெறும் ஊகமல்ல. ஆஸ்திரேலியாவில் தஞ்சமடைந்த மாண்டேயர் என்னும் சிறுபான்மையினரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கு மனச்சோர்வும் போர்க்கால அதிர்ச்சியின் பின்விளைவுகளும் கூடுதலாக இருந்தன. அவர்களுக்கு நிரந்தர விசா கிடைத்த பிறகு அந்த அறிகுறிகள் தணிந்ததை 2011-இல் வந்த தொடர் ஆய்வு காட்டியது. அவர்கள் பட்ட துயரம் மாறவில்லை, மாறியது சட்டநிலை. அந்த நாடு தற்காலிக விசாவில் வைத்திருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வாழ்வுரிமைக்கான வழியை 2023-இல் திறந்துவிட்டது.

‘2009-இல் போர் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே’ என்பார்கள். போக விரும்புகிறவருக்கு எல்லா உதவியும் செய்ய வேண்டும். ஆனால், மண்டபம் முகாமிலோ கும்மிடிப்பூண்டி முகாமிலோ பிறந்து வளர்ந்தவருக்கு அது திரும்பிப் போவதாகாது, இன்னொரு புலம்பெயர்வு. ‘ஆலோசனையும் மாத்திரையும் போதும்’ என்பது மற்றொரு வாதம். அவை கட்டாயம் வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சை பெறும் உரிமையைக் குடிமக்களுக்கு என்றல்ல, ஒவ்வொரு நபருக்கும் என்றே வழங்குகிறது. ஆனால், நோயை வளர்க்கும் சூழலை அப்படியே விட்டுவிட்டு மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். ‘குடியுரிமை மத்திய அரசின் கையில், மாநிலம் என்ன செய்யும்?’ என்ற கேள்வியும் உண்டு. 2021-இல் தமிழக அரசு புதிய வீடுகளை அறிவித்தது, பணக்கொடையை உயர்த்தியது, முகாம்களின் பெயரையும் மாற்றியது. மனமிருந்தால் மாநிலத்தாலும் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-இல் மத்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. நல்ல தொடக்கம், ஆனால், தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, நீ இந்த ஊர்க்காரன் என்பது வேறு. இங்கே பிறந்தவர்களுக்கும் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் வழிவந்தவர்களுக்கும் முதலில் தொடங்கி, விரும்பும் அனைவருக்கும் குடியுரிமை பெறும் வழியை நாடாளுமன்றம் திறக்க வேண்டும். மாநில அரசு அதற்காகக் காத்திராமல், மாவட்ட மனநலத் திட்டக் குழுவை மாதந்தோறும் முகாம்களுக்கு அனுப்பலாம். அங்கே பேசுவது எதுவும் போலீஸ் பதிவேட்டுக்குப் போகாது என்ற எழுத்துபூர்வ உறுதி வேண்டும். இல்லையென்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கணக்கெடுப்பு நடைமுறையைத் தளர்த்த ஓர் அரசாணை போதும். அதை இந்த ஆண்டே பிறப்பிக்கலாம்.