ஐ7 என்றால் எத்தனையாவது ஐ7?

"ஐ7 பிசி, 16 ஜிபி ரேம், 500 வாட் பவர் சப்ளை, புல் செட்." கல்முனைப் பக்கத்தில் முதல் கொம்பியூட்டர் தேடுற எல்லாருக்கும் பழகிப்போன விளம்பரம் இது. மூன்று விபரம் இருக்கு. மூன்றும் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

இன்டெல் முதல் ஐ7ஐ வெளியிட்டது 2008 நவம்பரில். அதே பேரில் 14ஆம் தலைமுறை வந்தது 2023இல். பதினைந்து வருசத்துச் சாமானுக்கு ஒரே பேர். வருசம் சொல்லாமல் "டொயோட்டா வான், நல்ல கண்டிசன்" என்று யாரும் வந்தால் எங்கட வீட்டுப் பெரியாக்கள் காசை எடுத்து நீட்டுவாங்களா? வானுக்குப் புத்தகத்தைக் காட்டு என்கிறோம். கொம்பியூட்டருக்கு மட்டும் பெட்டிக்குள்ள எரியிற கலர் லைட்டைப் பார்த்து மயங்கிப் போறோம்.

கணக்கைப் பாருங்க. 2011இல் வந்த ஐ7-2600க்கு நாலு கோர், எட்டு த்ரெட். 2022இல் வந்த ஐ3-12100க்கும் நாலு கோர், எட்டு த்ரெட். ஆனால் வேகத்தில் அந்த ஐ3 பழைய ஐ7ஐத் தூக்கிச் சாப்பிடும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிஞ்சுது. விண்டோஸ் 11 இன்டெலில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் எதையும் முறைப்படி ஏற்காது. ஆக, 'ஐ7' என்று பெருமையாக விற்கிற சாமான் வாங்குற அன்றைக்கே காலம் கடந்ததாக இருக்கலாம்.

"இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? கடைக்காரர் பொருத்தித் தருவார்தானே" என்று சொல்லுறாங்க. பொருத்தித் தருவார். தன்னட்ட மிஞ்சிக் கிடக்கிறதைப் பொருத்தித் தருவார். அது எங்களுக்குப் பொருந்துமா என்பது வேற கேள்வி. பழைய சாமான் விற்கிறது குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. காசு குறைந்த வீட்டுக்குப் பழைய சாமான் நல்ல வழிதான். பேரை மறைச்சு விற்கிறதுதான் குற்றம். "பிறகு அப்கிரேட் பண்ணலாம் தம்பி" என்பது அதைவிடப் பெரிய பொய். எல்ஜிஏ 1155 போட் 3ஆம் தலைமுறையோட நிண்டுவிடும். அதில கிடக்கிற டிடிஆர்3 ரேமைக் கழற்றி இன்றைய போட்டில் போடவும் முடியாது. அங்கால போறதுக்கு வழியே இல்லாத சாமானில் எதை அப்கிரேட் பண்ணுறது?

பொருத்தம் பார்க்கிறது பெரிய வித்தை என்று எங்களை நம்ப வைச்சிருக்காங்க. சாதகப் பொருத்தம் பார்க்கிற கஷ்டம் இதில் இல்லை. ப்ரொசெசருக்கும் மதர்போட்டுக்கும் சொக்கட் ஒன்றாக இருக்க வேணும். அது மட்டும் போதாது, சிப்செட்டும் சரிவர வேணும். எல்ஜிஏ 1151 நல்ல உதாரணம். 6ஆம் 7ஆம் தலைமுறைக்கும் அந்தச் சொக்கட்தான், 8ஆம் 9ஆம் தலைமுறைக்கும் அந்தச் சொக்கட்தான். ஐ5-8400ஐ எச்110 போட்டில் வைச்சால் அழகாக உட்காரும், வேலை செய்யாது. அதுக்கு 300 வரிசைச் சிப்செட் வேணும். ஏஎம்டி பக்கம் பி450 போட் வாங்கி ரைசன் 5000 போடுறதென்றால் பயாஸ் புதுப்பிச்சதா என்று கேட்க வேணும். இல்லாட்டித் திரையில ஒண்டும் வராது.

ரேமும் அப்பிடித்தான். எல்ஜிஏ 1700க்கு டிடிஆர்4 போட்டும் இருக்கு, டிடிஆர்5 போட்டும் இருக்கு. இரண்டுக்கும் வெட்டு வேற இடத்தில், ஒண்டு மற்றதுக்குள்ள போகாது. இனி, ப்ரொசெசர் எண்ணுக்குப் பின்னால நிற்கிற ஒற்றை எழுத்து. ஐ5-12400எஃப் என்றால் உள்ளுக்குள்ள கிராபிக்ஸ் இல்லை. தனியாகக் கிராபிக்ஸ் காட் வாங்கக் காசில்லாதவருக்கு அதை விற்கிறது, சில்லு இல்லாத சைக்கிளை விற்கிற மாதிரி. ரைசனில் இது தலைகீழ்: 5600ஜி படம் காட்டும், வெறும் 5600 காட்டாது.

எல்லாத்தையும் விடப் பொல்லாதது கேசிங்கோட 'சும்மா' வாற பவர் சப்ளை. வெளியில 500 வாட் என்று பெரிசாக அடிச்சிருக்கும். ப்ரொசெசரும் கிராபிக்ஸ் காட்டும் தின்கிறது 12 வோல்ட் வழியால வாற மின்சாரத்தை. பக்கத்து லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று பாருங்க, 12ஆல பெருக்குங்க. மொத்தமாகச் சொன்ன 500க்குப் பக்கத்தில் வந்தால் நம்பலாம். பாதிக்குக் கிட்ட நிண்டால் அந்த 500 வெறும் ஸ்டிக்கர். ஆர்டிஎக்ஸ் 3060 காட் தனிய 170 வாட் தின்னும், அதுக்கு 550 வாட் சப்ளை வேணும் என்று என்விடியாவே சொல்லுது. கரண்ட் போய்ப் போய் வாற ஊரில் தரமில்லாத சப்ளை தான் மட்டும் எரியாது, பக்கத்தில் இருக்கிறதையும் சேர்த்துக்கொண்டுதான் போகும்.

கொழும்பில் ஒரு சாமான் பிழைச்சால் பம்பலப்பிட்டிக்குப் பஸ் ஏறி அன்றைக்கே மாற்றலாம். சொறிக்கல்முனையில் இருந்து கல்முனைக்குப் போறதென்றால் கிட்டங்கியைத் தாண்ட வேணும். மாரியில் அங்க வெள்ளம் மேவினால் பாதையே இல்லை. கல்முனைக் கடையில் இல்லாத சாமானுக்குக் கொழும்புப் பார்சலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேணும். 2022இல் இரண்டு மூன்று மாசத்துக்குள்ள டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறினதையும் பார்த்தோம். இங்க ஒருவர் முதல் கொம்பியூட்டருக்கு எடுக்கிறது வெள்ளாமை வெட்டின காசு, இல்லாட்டிக் கட்டாரில் இருந்து வந்த காசு. பிழையான போட்டுக்கு இரண்டாவது தடவை கொடுக்க அந்த வீட்டில் காசு இல்லை. பொருத்தம் பார்க்கிற அறிவு கொழும்புப் பொடியனைவிட எங்கட பிள்ளைக்குத்தான் கூடத் தேவை.

யூடியூபில் சென்னைக்காரர் போடுற 'பட்ஜெட் பில்ட்' பட்டியலை அப்பிடியே கொண்டு போறவங்களுக்கும் ஒரு சொல். அந்த விலை இங்க இல்லை, அதில உள்ள பாதிச் சாமான் இங்க கிடைக்கிறதும் இல்லை. ஒன்று இல்லையென்று கடைக்காரர் "அதே மாதிரி" இன்னொன்றை வைக்கிற இடத்தில்தான் பொருத்தம் குழம்புது. பட்டியலைப் பாடமாக்காமல் காரணத்தைப் படியுங்க. மதர்போட் செய்த கொம்பனியின் தளத்தில் அந்த போட் எந்தெந்த ப்ரொசெசரை ஏற்கும் என்ற அட்டவணை இருக்கு. போனில் ஐந்து நிமிச வேலை.

எங்கட கோரிக்கை ஒன்றுதான். பில்லில் ஒவ்வொரு சாமானுக்கும் முழு மொடல் எண், புதுசா பழசா, எத்தனை மாச வொரன்டி என்று எழுதித் தர வேணும். 'புல் செட் 1' என்று எழுதின பில்லுக்குக் காசு கொடுக்காதிங்க. இது தயவு கேட்கிற விசயம் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பாவனையாளரைத் தவறாக வழிநடத்துறதையும் அந்தச் சட்டம் தடுக்குது. முறைப்பாட்டுக்கு 1977க்கு அழைக்கலாம்.

ஒழுங்காக எழுதித் தாற கடைகளும் இருக்கு. மற்றவங்க வாயால மலிவு காட்டி வியாபாரத்தைப் பிடிக்கிறதால நட்டப்படுறது அவங்கதான். அண்ணன் கடையென்றாலும் நானா கடையென்றாலும் கேள்வி ஒன்றாகவே இருக்கட்டும்: "ஐ7 சரி, எத்தனையாவது ஐ7? எழுதித் தாங்க." எழுத மறுக்கிற கடையில் பேரம் பேசாதிங்க, வெளியில வாங்க.