வீட்டில் கேட்கும் நாய் தெருவில் ஏன் கேட்பதில்லை?

"வீட்டில் 'உட்கார்' என்றால் உட்காருகிறது. தெருவுக்குப் போனால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை!"

நாய் வளர்ப்பவர்கள் பலர் இப்படிக் குறைப்படுகிறார்கள். "திமிர்" என்று சொல்லி அடிக்கவும் செய்கிறார்கள். இது பெரிய தவறு.

1904-ல் நோபல் பரிசு பெற்ற ரஷிய விஞ்ஞானி பாவ்லோவ், ஓர் ஓசையைக் கேட்டதும் எச்சில் ஊறும்படி நாய்களைப் பழக்கினார். ஆனால் புதிய ஆள் ஒருவர் அறைக்குள் வந்தால் போதும். நாயின் கவனம் அவர் பக்கம் திரும்பிவிடும், எச்சில் ஊறாது! வெளிச் சத்தம் கேட்காதபடி தனிக் கட்டிடமே கட்டவேண்டி வந்தது.

ஓர் ஆளுக்கே இப்படி என்றால், தெருவில் கேட்கவேண்டுமா? வேறு நாய், சைக்கிள் மணி, பஜ்ஜிக் கடை வாசனை! நாய் என்ன செய்யும்?

படிப்படியாகப் பழக்குங்கள். முதலில் வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு சந்தடி இல்லாத நேரத்தில் தெருவில். கடைத்தெரு கடைசியில்தான்.

கயிறு கையில் இருக்கட்டும். ஒரு முறை சொல்லுங்கள். கேட்டால், உடனே ஒரு துண்டு இறைச்சி கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். கேட்காவிட்டால், கூச்சலிடாமல் சற்றுத் தள்ளி அழைத்துப்போய் மறுபடி சொல்லுங்கள்.

கூப்பிட்டதும் வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள். அடித்தால், அடுத்த முறை வராது.

என்றாவது ஒரு நாள் கயிறு நழுவலாம். எதிரே லாரி வரலாம். அப்போது "வா" என்ற ஒரே சொல்தான் அதன் உயிரைக் காக்கும்.

அந்தச் சொல்லைத் தடி கற்றுக்கொடுக்காது. பொறுமைதான் கற்றுக்கொடுக்கும்!