கல் காத்த பெயரை மண் காக்க வேண்டும்!

போர்த்துக்கல் நாட்டின் கோயிம்பிரா நகரில், பெண்துறவியர் வாழ்ந்த மடமொன்றின் ஒரு பகுதியிற் படைத்துறை அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. துறவு வாழ்ந்த சுவர்களுக்குள் போர்க்கருவிகள் குடிபுகுந்தன. தம் மறவரை மறவாதிருக்க அந்நாட்டார் கண்ட வழி அது.

தேனி மண்ணுக்குத் துறவும் புதிதன்று, மறமும் புதிதன்று. உத்தமபாளையத்தை அடுத்த பாறையில் அருகர் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இன்றும் உள்ளன. அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயரை அங்குக் காணலாம். கொல்லாமையை உயிரெனக் கொண்டோர் விட்டுச்சென்ற எழுத்து அது.

மறவர் எழுத்தோ அதனினும் மிகப் பழையது. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டனர். அவை கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என ஆய்வாளர் கணித்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் வீழ்ந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல். கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரே அவ்வூர் எனக் கருதுவாரும் உளர்.

ஆகோள் என்பது ஆனிரை கவர்தல். வெட்சித் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் கூறும் அதே சொல் கல்லிலும் நிற்கிறது. நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளாக வகுத்ததும் அந்நூலே. இலக்கணம் கூறிய வாழ்வு வெறுங்கற்பனை அன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ? அக்கல்லில் வேந்தன் பெயர் இல்லை. வெற்றிப் பெருமிதமும் இல்லை. ஊரும், நிகழ்ச்சியும், மாண்டவன் பெயருமே உள்ளன. எளியோர்க்கும் எழுத்து உரியதாயிருந்தது என்பதே அதன் பொருள்.

இத்தகைய கற்களோ தமிழகத்திற் பலவிடங்களில் துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்காற் பாலமாகவும் கிடந்திருக்கின்றன. கோட்டை வாளையும் பீரங்கியையும் காட்டுவது மட்டும் படை வரலாறாகாது. ஊர்தோறும் நடுகற்களைக் கணக்கெடுத்தல் வேண்டும். நின்ற இடத்திலேயே காத்தல் வேண்டும். அஃது இயலாவிடத்து, அவ்வட்டாரத்திலேயே காப்பகம் அமைத்தல் வேண்டும். பள்ளி மாணவர்க்குத் தமிழி எழுத்தைக் கற்பித்தல் வேண்டும்.

படிக்கத் தெரியாதவனுக்குக் கல், கல்லே. படிக்கத் தெரிந்தவனுக்கோ, அது பாட்டன் பெயர். அப்பெயரைத் தேனிச் சிறுவன் ஒருவன் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும் நாளே, தீயன் அந்தவனுக்குத் தமிழகம் கடன் தீர்த்த நாளாகும்.